மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸ் பத்தி சேலத்துல எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விங்க, என் பதிலுங்க

நான் சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரில டயாலிசிஸ் யூனிட்ல டெக்னீஷியனா இருக்கேன், சொந்த ஊர் வாழப்பாடி பக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்லேருந்து எனக்கு போன் நிக்காது. அத்தை பொண்ணு, பக்கத்து வீட்டு அக்காவோட பையன், ஏற்காட்டுல எஸ்டேட்ல வேலை செய்யறவங்க பொண்ணுன்னு ஆளாளுக்கு கேக்குறாங்க, கேள்வி மட்டும் அதேதான். அதனால ஒரே தடவையா எழுதி வெச்சுட்டேன், இனி கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிடுவேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

அக்கா, மெடிக்கல் அசிஸ்டென்ட்னா என்ன படிப்பு? எந்த காலேஜ்ல இருக்கு?

முதல்ல இந்த பேரையே கொஞ்சம் ஓரமா வைங்க. நம்ம ஊர்ல மெடிக்கல் அசிஸ்டென்ட்னு தனியா ஒரே ஒரு படிப்பு கிடையாது. அந்தப் பேரை போட்டு நோட்டீஸ் ஒட்டுறவங்க நிறைய பேரு, ஆனா உள்ள போய் பாத்தா ஒரு இடத்துல ஆறு மாச நர்சிங் அசிஸ்டென்டா இருக்கும், இன்னொரு இடத்துல ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட்னு ஸ்கில் இந்தியா கோர்ஸா இருக்கும், வேற எங்கேயாவது பிஎஸ்சி பிசிஷியன் அசிஸ்டென்ட்னு நாலு வருஷ டிகிரியா இருக்கும். மூணுக்கும் சம்பளம் வேற, வேலை வேற, சட்டப்படி நீங்க தொடலாம் தொடக்கூடாதுங்கறதும் வேற. பேரை கேட்டுட்டு சேராதீங்க, "இதை முடிச்சா எனக்கு என்ன போஸ்ட்ல வேலை தருவாங்க, அந்த போஸ்டுக்கு எந்த கவுன்சில்ல பதியணும்"னு கேட்டுட்டு சேருங்க.

சரி, அப்ப என்னென்ன வழி இருக்கு?

கீழேருந்து மேல சொல்றேன்.

ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட், சுருக்கமா ஜிடிஏ. ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் வகுத்த கோர்ஸ், சில மாசத்துல முடிஞ்சிடும், பத்தாவது படிச்சவங்களையே எடுக்குறாங்க, 18 வயசு ஆகியிருக்கணும். பிரதமர் கௌஷல் விகாஸ் யோஜனா 2015ல வந்ததுலேருந்து பல சென்டர்ல இது இலவசமா நடந்திருக்கு, அதனால பணம் கேட்டா ஏன்னு கேளுங்க. பேஷண்டை குளிப்பாட்டுறது, பெட் மாத்துறது, சாப்பாடு ஊட்டுறது, வீல்சேர்ல தள்ளிட்டு போறது, டெம்பரேச்சர் பல்ஸ் குறிச்சு வைக்கிறது, இதுதான் வேலை. சின்ன வேலைன்னு மூக்கை சுளிக்காதீங்க, ஐசியூல படுத்திருக்கறவருக்கு முதுகுல புண்ணு வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டி படுக்க வைக்கிற ஆள் இல்லேன்னா எந்த பெரிய டாக்டர் வந்தும் புண்ணியமில்ல.

அடுத்தது டெக்னீஷியன் கோர்ஸ். டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் (சுருக்கமா ஓடி), அனஸ்தீசியா, ஈசிஜி, எமர்ஜென்சி கேர், ஆர்த்தோ, இப்படி அரசு மருத்துவக் கல்லூரிகள்லேயே ஒரு வருஷ சர்ட்டிபிகேட் கோர்ஸா நடந்துட்டு வருது. டிப்ளமோ லெவல்ல டிஎம்எல்டி, அதாவது லேப்.

நர்சிங் தனி ரூட்டு. ஏஎன்எம், அதாவது துணை செவிலியர் படிப்பு, ரெண்டு வருஷம், ஜிஎன்எம், அதாவது நர்சிங் டிப்ளமோ, மூணு வருஷம், பிஎஸ்சி நர்சிங் நாலு வருஷம். இதை முடிச்சு தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிஞ்சாதான் "நர்ஸ்"னு சொல்லிக்க முடியும்.

மேல டிகிரி. பிசிஷியன் அசிஸ்டென்ட், கிரிட்டிகல் கேர், டயாலிசிஸ் டெக்னாலஜி, ரேடியாலஜி எல்லாம் தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு கீழ வரும். இதுக்கெல்லாம் நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். நீட்டுனு சொன்னதும் பயந்து சயின்ஸ் பக்கமே திரும்பாத பிள்ளைங்க நம்ம பக்கம் எத்தனை பேரு, அவங்களுக்கு இதை யாரும் சொல்றதே இல்ல.

ஒரு வருஷ நர்சிங் கோர்ஸ் முடிச்சா நர்ஸ் ஆயிடலாமா?

ஆக முடியாது. இதை நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு, என் கதையே இதுதான்.

2009ல பிளஸ் டூ முடிச்சதும் எங்கப்பா ஒரு நோட்டீஸ் பாத்துட்டு வந்தாரு, "ஒரே வருடத்தில் நர்ஸ், 100 சதவீத வேலை". பஸ் ஸ்டாண்டுக்கு கொஞ்சம் தள்ளி ஒரு துணிக்கடைக்கு மேல மாடில ரெண்டு ரூம், ஒரு எலும்புக்கூடு படம், ஒரு பிபி மெஷின், அதுலயும் ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு. எங்கம்மாவோட ஒரு ஜோடி தோடு அடகுக்கு போச்சு. வருஷம் முழுக்க நோட்ஸ் எழுதினோம், ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போனது மொத்தம் ஒம்போது நாள், அதுலயும் ஓரமா நின்னு பாத்ததுதான். கடைசியா ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க, பாத்தா ராஜாங்க ஓலை மாதிரி இருக்கும், நடுவுல பெரிய முத்திரை, தங்க கலர் பார்டர், கீழ டெல்லி அட்ரஸ்.

அதை எடுத்துட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரி இன்டர்வியூக்கு போனேன். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் அதை ரெண்டு பக்கமும் திருப்பி பாத்துட்டு "கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்னம்மா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே அன்னைக்குதான் தெரியும். திட்டல, "இதை வெச்சு உன்னை நான் ஆயா வேலைக்குதான் எடுக்க முடியும் கண்ணு, உனக்கு மார்க் நல்லா இருக்கே, எதுக்கு இங்க போய் சேந்த"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல தெரியாம வந்து பஸ் ஏறிட்டேன், அயோத்தியாப்பட்டணம் தாண்டுற வரைக்கும் ஜன்னலை பாத்துட்டே வந்தேன்.

அப்புறம் ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல ஓபில, அதாவது வெளிநோயாளி பிரிவுல, டோக்கன் குடுக்குற வேலை, ரெண்டு வருஷம். அங்க இருந்த டாக்டர்தான் அரசு மருத்துவக் கல்லூரில ஒரு வருஷ டயாலிசிஸ் கோர்ஸ் இருக்குன்னு சொல்லி அப்ளை பண்ண வெச்சாரு. முதல் கோர்ஸுக்கு போன காசுல பத்துல ஒரு பங்கு கூட இதுக்கு ஆகல.

அப்ப அந்த மாடி இன்ஸ்டிட்யூட் எல்லாம் ஏமாத்துதா?

எல்லாம்னு சொல்ல மாட்டேன். சில இடத்துல உருப்படியா சொல்லி தர்றாங்க, பேஷண்டை தூக்குறது, கை கழுவுறது, சார்ட் எழுதறது தெரிஞ்சா வீட்டு கேர் வேலைக்கு, சின்ன கிளினிக்குக்கு எடுத்துக்குவாங்க. அசிஸ்டென்டுக்கு சொல்லி குடுத்துட்டு நர்ஸ்னு சொல்லி விக்கிறதுதான் பிரச்சனை. சேர்றதுக்கு முன்னாடி ஆபீஸ்ல உக்காந்து இதை கேளுங்க, வெக்கப்படாதீங்க, காசு உங்களுது: சர்ட்டிபிகேட் யாரு தர்றது, நீங்களா இல்ல வேற ஒரு போர்டா? அந்த போர்டு அரசு சட்டத்துல இருக்கா? ஆன்லைன்ல நம்பர் போட்டா வெரிஃபை ஆகுமா? எந்த ஆஸ்பத்திரில பிராக்டிகல், எத்தனை படுக்கை, மொத்தம் எத்தனை நாள்? அந்த ஆஸ்பத்திரியோட போட்ட ஒப்பந்தத்தை காட்டுவீங்களா?

கடைசி கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம்மா"ன்னு பதில் வந்தா செருப்பை மாட்டிட்டு கிளம்பிடுங்க. இன்னொண்ணு, ஒரிஜினல் மார்க் ஷீட், டிசி எல்லாம் வாங்கி வெச்சுக்குற இடத்துக்கு போகவே போகாதீங்க, நடுவுல விட்டுட்டு வரணும்னா அதை பிணையா வெச்சுதான் மிச்ச காசை கேப்பாங்க.

புது சட்டம் ஏதோ வந்திருக்காமே, ஒரு வருஷ கோர்ஸ் எல்லாம் செல்லாதுன்னு சொல்றாங்க?

2021ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டாங்க, நேஷனல் கமிஷன் ஃபார் அலைடு அண்டு ஹெல்த்கேர் புரொபஷன்ஸ் ஆக்ட். டாக்டருக்கு ஒரு கமிஷன், நர்சுக்கு ஒரு கவுன்சில், மருந்தாளுநருக்கு ஒரு கவுன்சில்னு இருந்துச்சு, நம்ம மாதிரி லேப், டயாலிசிஸ், ஓடி ஆளுங்களுக்கு நாடு முழுக்க ஒரே மாதிரி எதுவும் கிடையாது. அந்த குறையை தீக்கதான் இது. இதுல அலைடு ஹெல்த் புரொபஷனல்னு சொல்லணும்னா படிப்பு குறைஞ்சது 2000 மணி நேரம் இருக்கணும், ரெண்டு வருஷத்துலேருந்து நாலு வருஷத்துக்குள்ள. ஹெல்த்கேர் புரொபஷனல்னா டிகிரி, 3600 மணி நேரம், மூணுலேருந்து ஆறு வருஷம். பிசிஷியன் அசிஸ்டென்ட் (அசோசியேட்னும் சொல்வாங்க), எமர்ஜென்சி, டயாலிசிஸ், லேப் எல்லாம் அந்த சட்டத்தோட பட்டியல்ல இருக்கு.

இதை வெச்சு நான் சொல்றது ஒண்ணுதான். இப்பதான் பிளஸ் டூ முடிச்சிருக்கீங்க, வீட்டுல ரெண்டு வருஷம் தாங்கும்னா ஒரு வருஷ சர்ட்டிபிகேட்டை விட ரெண்டு வருஷ டிப்ளமோவோ டிகிரியோ பாருங்க. நான் படிச்சப்ப ஒரு வருஷம் போதுமானதா இருந்துச்சு, என் தங்கச்சி மகளுக்கு அதையே நான் சொல்ல மாட்டேன்.

அரசு கோர்ஸுக்கு எப்படி அப்ளை பண்றது? என்ன குரூப் எடுத்திருக்கணும்?

பிளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இல்லேன்னா பாட்டனி சுவாலஜி. காமர்ஸ் எடுத்தவங்களுக்கு இந்த டெக்னீஷியன் டிகிரி எதுவும் கிடைக்காது, ஜிடிஏ மாதிரி கோர்ஸ்ல சேரலாம். பாராமெடிக்கல் டிகிரிக்கு மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி இயக்ககத்தோட செலக்ஷன் கமிட்டி அறிவிப்பு விடும், ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், மார்க்கும் இடஒதுக்கீடும் வெச்சு ரேங்க் லிஸ்ட், அப்புறம் கவுன்சிலிங். சர்ட்டிபிகேட் கோர்ஸுக்கு அறிவிப்பு வர்றப்ப அந்தந்த அரசு மருத்துவக் கல்லூரி நோட்டீஸ் போர்டையும் பாருங்க, பேப்பர்லயும் ஓரத்துல சின்னதா போடுவாங்க.

சேலத்துல அது நம்ம மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி, 1986ல ஆரம்பிச்சது. ஒரு விஷயம், முதல் தடவை போறவங்க எல்லாரும் தப்பு பண்றது: ஆஸ்பத்திரி இருக்கறது டவுன்ல கலெக்டர் ஆபீஸ் பக்கம், காலேஜ் இருக்கறது ஸ்டீல் பிளான்ட் ரோட்டுல. அப்ளிகேஷனை தூக்கிட்டு ஜிஹெச் ஓபி க்யூல போய் நின்ன பையனை எனக்கு தெரியும்.

கம்யூனிட்டி சர்ட்டிபிகேட், வருமான சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் மே மாசத்துக்கு முன்னாடியே இ-சேவைல போட்டு வாங்கி வெச்சுக்கங்க. ரிசல்ட் வந்த வாரத்துல போய் நின்னா சர்வர் வேலை செய்யாது.

ஃபீஸ் கட்ட வசதி இல்ல, உதவி ஏதாவது இருக்கா?

இருக்கு, ஆனா அங்கீகாரம் இருக்குற படிப்புக்குதான், மாடி கோர்ஸுக்கு கிடையாது. அரசுப் பள்ளில ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், 2022ல ஆரம்பிச்சது. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024ல வந்தது, அதுவும் 1000. எஸ்சி, எஸ்டி பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் தனியா. ஏற்காடு, கருமந்துறை பக்கம் மலைவாழ் பிள்ளைங்க எஸ்டி சர்ட்டிபிகேட் வாங்க அலைய வேண்டியிருக்கும், அதை ஒம்போதாவது படிக்கறப்பவே ஆரம்பிச்சுடுங்க, கடைசி நேரத்துல தாசில்தார் ஆபீஸ் வாசல்ல நிக்கிற பிள்ளைங்களை பாத்தா எனக்கு வயிறு எரியும்.

ஊசி போடலாமா? எல்லாரும் போடுறாங்களே?

எல்லாரும் போடுறாங்கங்கறது உண்மை. அதுக்காக உங்களுக்கு அனுமதி இருக்குன்னு அர்த்தமில்ல. அசிஸ்டென்ட் சர்ட்டிபிகேட் வெச்சிருக்கறவங்க ஊசி போடறதுக்கு, டிரிப்ஸ் ஏத்தறதுக்கு, மருந்து அளவு முடிவு பண்றதுக்கு தகுதியானவங்க இல்ல. அது டாக்டர் எழுதினபடி, கவுன்சில்ல பதிஞ்ச நர்ஸ் பண்ற வேலை. சின்ன கிளினிக்ல ஆள் இல்லாதப்ப டாக்டர் "நீயே போட்டுடும்மா"ம்பாரு. ஏதாவது ஆனா கேஸ் ஷீட்ல யாரு கையெழுத்துன்னுதான் பாப்பாங்க. தெரியாது சார், எனக்கு அனுமதி இல்ல சார்னு சொல்ல பழகிக்கங்க, முதல் தடவை சொல்றப்பதான் நாக்கு ஒட்டும்.

எங்க யூனிட்ல நடந்தது ஒண்ணு. புதுசா வந்த அசிஸ்டென்ட் பொண்ணு, நல்ல சுறுசுறுப்பு, பேஷண்ட் வந்து உக்காந்ததும் யாரும் சொல்லாமலே பிபி பாக்க ஆரம்பிச்சுடுவா. ஒரு நாள் ஒரு பெரியவருக்கு இடது கையில பிபி மெஷினோட பட்டையை கட்ட போயிட்டா. அந்த கையிலதான் அவருக்கு பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் ரெண்டை சேத்து ஆபரேஷன் பண்ணின கை. அந்தக் கையில பிபி பாக்கக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது, அழுத்தினா அடைச்சுக்கும், அடைச்சா அவருக்கு மறுபடி ஆபரேஷன். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் அந்தக் கையை நம்பிதான் உயிர் ஓடுது. பெரியவரே "ஏம்மா, இந்தக் கை வேண்டாம்"னு கையை இழுத்துக்கிட்டாரு. பேஷண்டுக்கு தெரிஞ்சது அவளுக்கு தெரியல, ஏன்னா அவ படிச்ச எடத்துல பிஸ்டுலானு ஒரு வார்த்தையே சொல்லி தரல. நான் அவளை திட்டல, மறுநாள் எல்லா பெட் தலைமாட்டுலயும் எந்தக் கைன்னு பெருசா எழுதி ஒட்டினோம். இப்ப அவதான் புதுசா வர்றவங்களுக்கு அதை முதல்ல சொல்லி தர்றா.

பிராக்டிகல்ல என்ன கத்துக்கணும்? எதுல கவனமா இருக்கணும்?

பிபி, பல்ஸ், டெம்பரேச்சர், மூச்சு எண்ணிக்கை, சுகர் பாக்கறது எல்லாருக்கும் சொல்லி தருவாங்க. நான் ரெண்டு விஷயத்தை மட்டும் அழுத்தி சொல்றேன்.

ஒண்ணு, குப்பை. சிரிக்காதீங்க. 2016ல வந்த மருத்துவக் கழிவு விதிகள்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு நாலு கலர். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள்ல. ட்யூப், டிரிப்ஸ் செட், கிளவுஸ் மாதிரி பிளாஸ்டிக் சிவப்புல. ஊசி, பிளேடு எல்லாம் குத்தினா ஓட்டையாகாத வெள்ளை டப்பால. கண்ணாடி பாட்டில் நீலத்துல. இன்டர்வியூல இதை கேக்காத ஆஸ்பத்திரி கிடையாது.

ரெண்டாவது, ஊசி குத்திக்கிட்டா என்ன பண்றது. யூஸ் பண்ணின ஊசிக்கு மறுபடி மூடி போடாதீங்க, அங்கதான் பாதி பேருக்கு குத்தும். குத்திட்டா விரலை பிதுக்காதீங்க, வாயில வெக்காதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவுங்க, உடனே இன்சார்ஜ்கிட்ட சொல்லுங்க. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டுவாங்களோன்னு பயந்து மறைச்சு வீட்டுக்கு போன பொண்ணை எனக்கு தெரியும், ராத்திரி முழுக்க தூங்காம மறுநாள் அழுதுட்டே வந்து சொன்னா. கோர்ஸ் சேர்ற வாரத்துலயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் டோஸ் போட்டுக்கங்க, அப்புறம் ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசத்துல ஒண்ணு.

பசங்க இந்த வேலைக்கு வரலாமா?

வாங்கப்பா, ஆளே கிடைக்க மாட்டேங்குது. எலும்பு வார்டு, ஓடி, எமர்ஜென்சி, டயாலிசிஸ் எல்லாத்துலயும் பசங்க வேணும். ஆம்பள பேஷண்டுக்கு கேத்தீட்டர், குளிப்பாட்டுறதுன்னு வர்றப்ப பொண்ணுங்களை விட நீங்க இருந்தா அவங்களுக்கும் கூச்சம் குறையும்.

108 ஆம்புலன்ஸ்ல சேர முடியுமா?

தமிழ்நாட்டுல 108 ஓட ஆரம்பிச்சது 2008ல. வண்டில டிரைவர் ஒருத்தர், இஎம்டி, அதாவது எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன், ஒருத்தர். இஎம்டிக்கு வெறும் ஜிடிஏ சர்ட்டிபிகேட் போதாது, நர்சிங், டிஎம்எல்டி, இல்லேன்னா லைஃப் சயின்ஸ் டிகிரி மாதிரி கேப்பாங்க, எடுத்த பிறகு அவங்களே ட்ரெய்னிங் குடுப்பாங்க. ஏற்காடு மலைப்பாதையில இருக்குற 20 கொண்டை ஊசி வளைவுல, பின்னாடி படுக்க வெச்ச பேஷண்டுக்கு ஆக்சிஜன் மாஸ்க்கை பிடிச்சுட்டே நிக்கிறவங்களை நினைச்சு பாருங்க, பஸ்ல போறப்பவே நமக்கு வாந்தி வருது. நைட்டு, மழை, மூடுபனி எதுக்கும் லீவு கிடையாது. அதுக்கு தயார்னா போங்க, நல்ல வேலை.

கோர்ஸ் முடிச்சுட்டு மலைல எங்க ஊர்லயே ஒரு சின்ன கிளினிக் போடலாமா? டாக்டரே வர மாட்டேங்குறாரு.

இதை கேட்டது நாகலூர் பக்கத்து பொண்ணு, கேட்டதுல கெட்ட எண்ணம் துளி கூட இல்ல, அவங்க பாட்டி காய்ச்சலோட ஜீப்புக்காக காத்திருந்த கதையை சொல்லிட்டுதான் கேட்டா. ஆனா முடியாது. டாக்டரா பதிவு இல்லாம வைத்தியம் பாத்தா நேஷனல் மெடிக்கல் கமிஷன் சட்டம் 2019ன்படி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. நல்ல எண்ணம்னு சொல்லி தப்பிக்க முடியாது.

ஊருக்கு செய்யணும்னா வேற வழி இருக்கு. ஏஎன்எம் படிச்சா கிராம சுகாதார செவிலியரா வரலாம், அது அரசு வேலை, உங்க ஊரு மக்களுக்கே பாக்கலாம். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டு வீட்டுக்கு போய் பிபி, சுகர் பாத்து மாத்திரை குடுக்குற பெண் தன்னார்வலர்கள் இருக்காங்க, நம்ம பாஷைலயே பேசுற ஆள் போனா பாட்டிங்க கதவை திறப்பாங்க. அந்தப் பொண்ணு இப்ப ஏஎன்எம் ரெண்டாவது வருஷம்.

எங்க சித்தப்பா அமெரிக்கால இருக்காரு, அங்க மெடிக்கல் அசிஸ்டென்டுக்கு நல்ல சம்பளமாம், இங்க படிச்சுட்டு அங்க போலாமா?

இந்தப் பேரே அங்கேருந்து வந்த குழப்பம்தான். அமெரிக்கால மெடிக்கல் அசிஸ்டென்ட்னா டாக்டர் கிளினிக்ல முன்னாடி அப்பாயின்ட்மென்ட், இன்சூரன்ஸ் பேப்பர், பின்னாடி பிபி, ரத்தம் எடுக்கறதுன்னு ரெண்டையும் பாக்குற ஆள். அங்க சிஎம்ஏ, அதாவது சர்டிஃபைடு மெடிக்கல் அசிஸ்டென்ட்னு ஒரு சர்ட்டிபிகேட் இருக்கு, அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் மெடிக்கல் அசிஸ்டென்ட்ஸ் தர்றது, அந்த சங்கம் 1956லேருந்து இருக்கு. பரீட்சைல 200 கேள்வி, 160 நிமிஷம், பாஸானாலும் 60 மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அந்தப் பரீட்சை எழுத பெரும்பாலும் அங்க அங்கீகாரம் வாங்கின கோர்ஸ்ல படிச்சிருக்கணும். சேலத்துல வாங்கின நர்சிங் அசிஸ்டென்ட் சர்ட்டிபிகேட்டை அதுக்கு காட்ட முடியாது. சித்தப்பா சொன்னதுல தப்பில்ல, அது அங்க போய் படிக்கறவங்களுக்கு.

சவுதி, குவைத் ஏஜென்ட் வந்து பேசினாரு, காசு கட்டலாமா?

1983ம் வருஷ எமிகிரேஷன் சட்டப்படி ஏஜென்டுக்கு லைசென்ஸ் இருக்கணும், இ-மைக்ரேட் தளத்துல பேரை போட்டு பாருங்க. பேர் வரலேன்னா பேச்சையே முடிச்சுடுங்க. தமிழக அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் இருக்கு, அங்க விசாரிச்சுட்டு மேல யோசிங்க. விசிட் விசால போய் அங்க வேலை மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா, அவங்க பிள்ளையை அப்படி அனுப்புவாங்களான்னு கேளுங்க.

சம்பளம் எவ்வளவு வரும்?

ஆரம்பத்துல கம்மி. ஒளிச்சு மறைக்க எதுவுமில்ல, நான் டோக்கன் குடுத்தப்ப வாங்கினது ரூம் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரியா போச்சு. டெக்னீஷியன் ஆனப்புறம்தான் கையில நிக்க ஆரம்பிச்சுது. அரசு வேலைக்கு மெடிக்கல் சர்வீசஸ் ரெக்ரூட்மென்ட் போர்டு 2012லேருந்து ஆள் எடுக்குது, லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன், நர்ஸ்னு அறிவிப்பு வரும். அதுல அப்ளை பண்ணணும்னா சர்ட்டிபிகேட் அரசு அங்கீகாரம் பெற்ற இடத்துல வாங்கினதா இருக்கணும். தனியார்ல சேர்றப்ப பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறாங்களா, நைட் டூட்டிக்கு மறுநாள் ஆஃப் உண்டான்னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. ரெண்டு வருஷம் பாண்டு, ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்றது இங்கயும் நடக்கும், மேல சொன்னதுதான் இதுக்கும்.

ரத்தம் பாத்தா மயக்கம் வருது, நான் இதுக்கு லாயக்கில்லையா?

எனக்கும் வந்துச்சு. ஓடில நின்னப்ப ஸ்டூலை பிடிச்சுட்டு சரிஞ்சு உக்காந்துட்டேன், அனஸ்தீசியா டாக்டர் "பேஷண்ட் நல்லா இருக்காரு, உன்னைதான் பாக்கணும்போல"ன்னாரு. காலைல சாப்பிடாம போனதுதான் பாதி காரணம். சாப்பிட்டுட்டு போங்க, முட்டியை விறைச்சுட்டு நிக்காம லேசா மடக்கி நில்லுங்க, தலை சுத்துற மாதிரி இருந்தா ஓரமா வந்து உக்காந்துடுங்க. ஒரு மாசத்துல பழகிடும். வாசனைதான் பழக நாளாகும், அதை யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க.

முதல் நாள் டூட்டிக்கு என்ன எடுத்துட்டு போகணும்?

செகண்ட் முள்ளு இருக்குற வாட்ச், பல்ஸ் எண்ண செல்போனை எடுத்தா இன்சார்ஜ் முறைப்பாங்க. பாக்கெட்ல அடங்குற நோட்டு, ரெண்டு பேனா, ஒண்ணை டாக்டர் வாங்கிட்டு போயிடுவாரு, திரும்ப வராது. நகம் வெட்டிடுங்க, கண்ணாடி வளையல், மோதிரம், கொலுசு எல்லாம் வீட்டுல. மூடின செருப்பு, சத்தம் வராதது. ஏற்காட்டுலேருந்து வர்றவங்க கீழ வெயில் தாங்க தண்ணி பாட்டில் கொண்டு வாங்க, அங்க போட்டுட்டு வந்த ஸ்வெட்டரை லாக்கர்ல வெச்சுடுங்க. டிபன் பாக்ஸ்ல ரெண்டு இட்லி கூடுதலா வெச்சுக்கங்க, முதல் நாள்னா கண்டிப்பா கேன்டீன் மூடின பிறகுதான் விடுவாங்க.